கியர் பொக்ஸை மாற்றச் சொன்னார்கள், தேய்ந்திருந்தது புஷ்

ரீகண்டிஷன் கியர் பொக்ஸுக்கு என்று நான் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன். ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் லீவர் உள்ள பழைய வான் வைத்திருப்பவர்கள், பொக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

வருத்தம் இதுதான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு, எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. அந்த வளைவுகளில் எஞ்சின் இழுத்துப் பிடிக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையால் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஹயர் ஓடினேன். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாமல் போனது நல்லதுதான்.

கராஜில் வானுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. லீவரை ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பொக்ஸ் முடிஞ்சிருச்சி தம்பி, ரீகண்டிஷன் ஒன்னு போட்டுருவோம்" என்றார்கள். அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார்கள். வானை மாத்திடலாமே என்று சிலர் சொன்னார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அதற்குள் பழைய வானுக்கே விலை எங்கேயோ போய்விட்டது. இருப்பதைச் செய்துகொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பொக்ஸ் வரத் தாமதமானதில் ஒரு நன்மை. பஸ் டிப்போவில் வேலை செய்த மாமா வீட்டுக்கு வந்தவர், "மொதல்ல லிங்கேஜைப் பாரு" என்றார். லீவரையும் பொக்ஸையும் இணைக்கிற ரொட், மூட்டுகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, என்னை லீவரை அசைக்கச் சொல்லி அவர் அடியில் படுத்துப் பார்த்தார். மேலே லீவர் நன்றாக நகர்கிறது. கீழே பொக்ஸில் உள்ள ஆர்ம் பாதிதான் நகர்கிறது. பிறகு ரொட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஆர்மைக் கையாலேயே தள்ளினார். ஒவ்வொரு கியரும் டக் டக்கென்று முழுதாக விழுந்தது. கியர் பாதி மட்டும் விழுந்தால் ஏற்றத்தில் எப்படியோ தாக்குப்பிடிக்கும், இறக்கத்தில் கழன்றுவிடும். பொக்ஸ் உள்ளே தேய்ந்திருந்தாலும் கியர் கழலும் என்பது உண்மைதான். ஆனால் காசில்லாமல் பார்க்கக் கூடிய இதை முதலில் பார்க்க வேண்டாமா?

ரொட் முனை மூட்டில் இருந்த நைலோன் வளையம், அதாவது புஷ், தூளாகிப் போயிருந்தது. மூடியிருந்த ரப்பர் எப்போதோ கிழிந்து, மழையும் சேறும் உள்ளே போய், மூட்டைக் கோக்கும் ஆணியான பின்னும் ஒரு பக்கம் தேய்ந்து, அது போகிற ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த அலைச்சல் கொழும்பு. பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் போனில் "இருக்கு, வாங்க" என்றார். போனால், கீழே கியர் உள்ள மாடலுக்கான புஷ்ஷை எடுத்து நீட்டுகிறார். "ரெண்டும் ஒன்னுதான்" என்று வேறு வாதம். கையில் பழைய ரொட்டைச் சாக்குப் பையில் கொண்டுபோயிருந்ததால், அந்த இடத்திலேயே வைத்துக் காட்டிவிட்டு, வாங்காமல் திரும்பினேன். போகிறவர்கள் பழைய சாமானை அடிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்களுடைய சாமானையும் அதேமாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பஸ் காசாவது மிஞ்சும்.

காரியம் முடிந்தது நாவலப்பிட்டியில், ஒரு சின்ன லேத் பட்டறையில். ஓட்டை முட்டை வடிவில் இருக்கும்போது புது புஷ் போட்டாலும் நிற்காது என்று பட்டறைக்காரர் பார்த்ததுமே சொன்னார். ஓட்டையைப் பெரிதாக்கி வட்டமாக்கி, பித்தளையில் புஷ் கடைந்து இறுக்கி, பின்னையும் புதிதாகச் செய்து தந்தார். "வெல்டிங் வச்சி ஒட்டிருங்கண்ணே" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். கேட்காதீர்கள். அந்த மூட்டு திரும்ப வேண்டும். எஞ்சின் ரப்பரில் ஆடுகிறது, ஒட்டிவிட்டால் ரொட் எங்காவது வெடிக்கும். பித்தளை என்பதால் அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும், கிழிந்த ரப்பரையும் மாற்ற வேண்டும்.

மாட்டுவது சுலபம். ரொட்டைக் கழற்றும் முன் லொக் நட் நின்ற இடத்தில் மாமா பெயின்ட் கோடு போட்டிருந்தார், அது பெரிய உதவி. பொக்ஸும் லீவரும் நியூட்ரலில் இருக்கும்போதே நட்டை இறுக்கினோம். மூட்டு ஆணி கழலாமல் மாட்டுகிற பழைய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிது சில ரூபாய்தான்.

இப்போது அதே இறக்கத்தில் இரண்டாம் கியரில் காலை எடுத்தால் எஞ்சின் முனகிக்கொண்டு பிடிக்கிறது, லீவர் அசையவில்லை. ரிவர்ஸ் மட்டும் காலைக் குளிரில் கொஞ்சம் அடம் பிடிக்கிறது. கராஜுக்கும் போய்ச் சொன்னேன். "அப்ப பொக்ஸ் தேவப்படாதா?" என்று கேட்டுவிட்டு, அதை வேறு யாருக்காவது விற்றதும் அட்வான்ஸைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஹயர் போகும்போதெல்லாம் இறங்கிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.