தேயிலைக்கும் அபினுக்கும் ஒரே பேரேடு

நவம்பர் 9, குவாங்சோ

முத்து ஆற்றை ஒட்டிய கலாசாரப் பூங்காவைச் சுற்றி வந்தேன். வெளிநாட்டு வணிகர்களின் பதின்மூன்று பண்டகசாலைகளும் இந்தப் பக்கத்தில்தான் வரிசையாக நின்றன. 1856 டிசம்பரில் எரிந்துபோயின. 1757 முதல் 1842 வரை பிரிட்டிஷ் கப்பல்கள் சீனாவில் வியாபாரம் செய்ய அன்று கான்டன் என்று அழைத்த இந்த ஒரு துறைமுகம்தான். அதுவும் அரசு உரிமம் பெற்ற ஹாங் வணிகர்கள் மூலமாக மட்டுமே.

1784-ல் லண்டன் நாடாளுமன்றம் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைத்தது. அப்புறம் விற்பனை ஏறிக்கொண்டே போனது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த கம்பளித் துணி சீனாவில் அவ்வளவாகப் போகவில்லை. இந்தியப் பருத்தி ஓரளவு விற்றது. மிச்சத்துக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 10

நேற்றிரவு தூங்கவே நேரமாகிவிட்டது. தேயிலைக்கான அந்த வெள்ளியைத் திரட்டித் தந்தது அபின். அதை விற்றவர்கள் எல்லாரும் கடத்தல்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்குக் கோபம் வருவது அந்த வியாபாரத்தின் ஏற்பாட்டைப் பார்த்துத்தான்.

பீகாரிலும் காசி வட்டாரத்திலும் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தது கம்பெனி. விலையையும் அதுவே வைத்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் கசகசாக் காயின் பாலைக் காயவைத்து அபினாக உருட்டி, பெட்டிக்கு 40 உருண்டை என்று அடுக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலத்தோடு கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது. தன் கப்பல்களில் அபின் ஏற்றக்கூடாது என்றுகூட உத்தரவு வைத்திருந்தது. ஏலம் எடுத்த தனி வணிகர்கள் முத்து ஆற்று முகத்துவாரத்தில் உள்ள லிண்டின் தீவருகே நின்ற கப்பல்களில் சரக்கை இறக்கினார்கள். சீனக் கடத்தல்காரர்கள் வெள்ளி கொடுத்து வாங்கிப் போனார்கள். அந்த வெள்ளி கான்டனில் இருந்த கம்பெனிக் கருவூலத்துக்கு வந்தது. வெள்ளி கட்டிய வணிகருக்கு லண்டனில் பணமாக மாற்றிக்கொள்ள உண்டியல் (பணம் தரச் சொல்லும் சீட்டு) எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி அதே வெள்ளியால் தேயிலை வாங்கியது.

சீனாவில் அபினுக்கு 1729-லேயே தடை வந்துவிட்டது. அதை மீறி 1830-களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பெட்டி இறங்கியது. வெள்ளி வெளியேறியதில் அடி வாங்கியது புகைத்தவன் மட்டுமல்ல. சீன விவசாயி சம்பாதித்தது செப்புக் காசு, வரி கட்ட வேண்டியது வெள்ளிக் கணக்கில். வெள்ளி விலை ஏற ஏற, அபினைத் தொடாதவனுக்கும் வரி கூடியது.

நவம்பர் 12, ஹூமென்

அபினை ஒழிக்கச் சீனப் பேரரசர் அனுப்பிய அதிகாரி லின் செசூ, அபினை அழித்த குளங்களில் இரண்டை இங்கே காத்து வைத்திருக்கிறார்கள். 1839 மார்ச்சில் கான்டனுக்கு வந்தவர், அந்த மாதமே 20,283 பெட்டிகளை ஒப்படைக்கச் சம்மதிக்க வைத்தார். ஜூன் 3-ஆம் தேதி வேலை தொடங்கியது. உப்புநீரில் உருண்டைகளை உடைத்து ஊறவைத்து, சுண்ணாம்பு கொட்டி, கரைந்ததும் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு பெட்டியைக்கூட அவர் விற்றுக் காசாக்கவில்லை. கடைசியில் அவரைத்தான் பதவி நீக்கி சின்ஜியாங் எல்லைக்கு நாடு கடத்தினார்கள்.

இதையடுத்து பிரிட்டன் சீனாமேல் போர் தொடுத்தது, முதல் அபின் போர். லண்டன் நாடாளுமன்றத்தில் 1840 ஏப்ரலில் அந்தப் போரைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவு 262, எதிர்ப்பு 271. ஒன்பதே வாக்கு.

நவம்பர் 13, சான்யுவான்லி

இங்கே வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1841 மே 30 அன்று ஊர்மக்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டு வந்த இடம். பிரிட்டிஷ் படையின் கொள்ளையும், கல்லறைகளைத் தோண்டியதும், பெண்களிடம் நடந்துகொண்ட விதமும் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. பெருமழையில் தனியே சிக்கியது பிரிட்டிஷ் தரப்பில் இருந்த 37-ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு சிறு பிரிவு, சுமார் 60 சிப்பாய்கள். அவர்களிடம் இருந்தவை பழைய சக்கிமுக்கிக்கல் துப்பாக்கிகள். மருந்து நனைந்து ஒன்றும் சுடவில்லை. சதுரமாக அணிவகுத்துத் தாக்குப்பிடித்தார்கள். மழையிலும் சுடக்கூடிய புதுத் துப்பாக்கிகளோடு கடற்படை வீரர்கள் வந்து மீட்டார்கள்.

மதராஸ் மாகாணத்திலிருந்து சம்பளத்துக்குப் போனவர்கள் பாட்னா அபினுக்கான போரில் அடுத்தவர் வயல்வெளியில் நின்றார்கள். அவர்கள் மேல் பரிதாபம் வருகிறது. ஆனால் மண்வெட்டியோடு வந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம்.

நவம்பர் 15

அந்தப் போரை முடித்த நான்ஜிங் உடன்படிக்கை, 1842 ஆகஸ்ட் 29. ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறந்தன, இழப்பீடு 2.1 கோடி வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், ஹூமெனில் கரைத்த அபினுக்கு விலை. அபின் வணிகத்தை நிறுத்துவது பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டாம் அபின் போரின் நடுவில், 1858-ல், அபினுக்குச் சுங்கவரி வைத்து அந்த வணிகத்தைச் சட்டப்படி ஆக்கினார்கள். இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றுமதி நின்றது 1913-ல்தான்.