நிஷாதர் என்னும் பெயர்

பழைய வடமொழி நூல்கள் குறிப்பிடும் நிஷாதர் என்ற பழங்குடியினரின் பெயருக்கு, யாஸ்கரின் நிருக்தம் என்னும் பண்டைய சொற்பிறப்பியல் நூல் பதிவுசெய்யும் விளக்கம் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. உட்காருதலைக் குறிக்கும் 'ஸத்' என்ற வினையடியிலிருந்து, பாவம் குடியமர்ந்தவன் என்று அங்கே பொருள் கூறப்படுகிறது. இறந்த வேனன் என்னும் மன்னனின் தொடையைக் கடைந்தபோது தோன்றிய கரிய குள்ளனிடம் முனிவர்கள் 'நிஷீத', அதாவது 'உட்கார்', என்றதால் அப்பெயர் வந்ததாகச் சொல்லும் புராணக் கதையும் அதே வினையடியையே பற்றிக்கொள்கிறது. இலக்கணப்படி அந்தப் பிரிப்பு பொருந்தலாம். ஆனால் இவ்விளக்கங்கள் அம்மக்களை வெளியிலிருந்து நோக்கியவர்களுடையவை என்பதை மறக்கலாகாது.

புலிந்தர், குலிந்தர் போன்று முதலெழுத்தில் மட்டும் வேறுபடும் பண்டைய இனப்பெயர் இணைகளில், முண்டா மொழிகளை உள்ளடக்கிய ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தின் முன்னொட்டுகளுடைய தடயத்தைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் சில்வன் லெவி, 1923இல் இத்தகைய பெயர்களின் மூலத்தை வடமொழிக்கு வெளியே தேடினார். அம்முடிவுகள் இன்றும் விவாதத்திற்குரியவை. எனினும் ஐதரேய பிராமணம் என்னும் வேதகால நூல் குறிப்பிடும் சபரர் என்ற குடியினரை, முண்டா மொழி பேசும் ஒடிசாவின் சவரர்களோடு பலர் இணைத்துப் பார்ப்பதால், அத்தேடலே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.