டிக்கெல் ஈப்பிடிப்பானின் கழுத்து ஒருவழியாக வந்துவிட்டது

டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் என்ற சின்னப் பறவைக்கு, நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நிறங்கள் கலந்து சேறாகாமல் ஒரு கழுத்து வரைந்துவிட்டேன். வாட்டர்கலரில் பறவை வரைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அலட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரி, பறவை ஆர்வலர் கர்னல் சாமுவேல் டிக்கெல்லின் பெயரைச் சுமக்கும் பறவைகளையும் அவர் அறிவியலுக்கு முதலில் விவரித்த பறவைகளையும் ஒவ்வொன்றாக வரைவதுதான் திட்டம். எனக்கு நானே ஒரு விதியும் போட்டுக்கொண்டேன்: அவர் படையிலிருந்து ஓய்வுபெற்ற 1865க்கு முன்னால் புழக்கத்தில் இருந்த நிறங்களை மட்டும்தான் தொடுவது. வீம்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வீம்பு இல்லாமல் இருந்திருந்தால் தாலோ ப்ளூவை எடுத்துப் பளபளவென்று அடித்துவிட்டுப் போயிருப்பேன், நீலத்தைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். தாலோ 1930களில் வந்த சரக்கு, அதனால் பெட்டியை விட்டு வெளியே போய்விட்டது. மிஞ்சிய நீலங்கள் பிரஷ்யன் ப்ளூ, 1802இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் செய்த கோபால்ட், 1828க்குப் பிறகு வந்த செயற்கை அல்ட்ராமரைன். மண் நிறங்களில் மஞ்சள் பழுப்பான ரா சியன்னா, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா. வெள்ளைக்கு 1834இல் கடைக்கு வந்த சைனீஸ் ஒயிட், அதாவது துத்தநாக வெள்ளை. ஈய வெள்ளையைத் தொடவே இல்லை. அது விஷம், போதாததற்குக் காற்றிலிருக்கும் கந்தகம் பட்டுக் கறுத்துப்போகும். பழைய பறவைப் படங்கள் சிலவற்றில் வெள்ளை வயிறு கறுப்புத் திட்டாகக் கிடப்பது அதனால்தான்.

முதல் பறவையாக நீல ஈப்பிடிப்பானை எடுத்ததற்குக் காரணம் எளிது: நம் மலையடிவாரத் தோப்புகளில், ஓடையோர நிழலில் அது தாராளமாகக் கிடைக்கிறது, டிக்கெல் வேலை பார்த்த பர்மா வரை போக வேண்டியதில்லை. பெயர் வைத்தவர் எட்வர்ட் பிளைத், கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர், 1843இல். டிக்கெல் ஊர் ஊராகப் பார்த்ததை எழுதி அனுப்புவார், பிளைத் கல்கத்தாவில் உட்கார்ந்து பெயர் வைப்பார், அந்தக் காலத்துப் பறவை ஆராய்ச்சி பாதி இப்படித்தான் ஓடியது.

இனி கழுத்து. ஆண் பறவைக்கு மேலே முழுக்க நீலம், அலகுக்கும் கண்ணுக்கும் இடையில் கறுப்பு, தொண்டையிலிருந்து நெஞ்சு வரை துரு ஆரஞ்சு, அதற்குக் கீழே வயிறு சுத்த வெள்ளை. ஆரஞ்சும் வெள்ளையும் சேரும் கோடு தெளிவாக இருக்கும். தொண்டை அலகின் அடிவரை ஆரஞ்சாகவே இருக்க வேண்டும், அதில் கொஞ்சம் நீலம் ஏறிவிட்டாலும் அது நீலத்தொண்டை ஈப்பிடிப்பான் ஆகிவிடும், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆகவே கன்னத்தில் நீலம் முடிந்து தொண்டையில் ஆரஞ்சு தொடங்கும் அந்த வளைவு, அலகின் மூலையிலிருந்து நெஞ்சின் பக்கவாட்டு வரை இறங்குகிற அந்தக் கோடுதான் இந்தப் பறவையின் அடையாளம். வாட்டர்கலரில் கைவைக்கவே கூடாத இடமும் அதுதான். நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று கொல்லும் நிறங்கள், ஈரத்தில் தொட்டுக்கொண்டால் உடனே சாம்பல் பழுப்பு.

ஈரத்தின் மேல் ஈரம் என்ற வழி சரிவராது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அடுத்து, ஆரஞ்சை முழுக்க உலரவிட்டு அதன் ஓரத்தில் நீலத்தைக் கத்தி வெட்டியதுபோல நிறுத்திப் பார்த்தேன். சேறு இல்லை, ஆனால் பறவையும் இல்லை. இறகு அப்படி முடியாது. இரண்டு நிறத்து இறகுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் அந்த எல்லை உண்டாகிறது. நிறம் படாமல் இடத்தை மூடிவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் போட்டால் எல்லை இன்னும் கெட்டியாகிறது, உரிக்கும்போது வழவழப்பான ஹாட் பிரஸ் பேப்பரின் தோலும் கூடவே வருகிறது.

கடைசியில் வேலை செய்த முறை இது. முதலில் ரா சியன்னாவில் ஒரு மெல்லிய வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த பூச்சு, அது காய்ந்ததும் நெஞ்சின் நடுவில் மட்டும் பர்ன்ட் சியன்னா. நன்றாகக் காயவிட வேண்டும், புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. அப்புறம் நீலத்தைத் தலையிலிருந்து கீழே இழுத்து வந்து, ஆரஞ்சைத் தொடாமல் முடியளவு இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். இந்த இடைவெளிதான் எல்லாமே. நீலம் பாதி காய்ந்திருக்கும்போது பிழிந்தெடுத்த பிரஷால் அதன் ஓரத்தை மட்டும் இறகுப் போக்கில் சின்னச் சின்னதாக இழுத்துவிட வேண்டும், இடைவெளிக்குள் அங்கங்கே நீட்டிக்கொண்டு நிற்கும்படி. எல்லாம் காய்ந்த பிறகு அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் தட்டிலேயே வேண்டுமென்றே கலந்து ஒரு சாம்பல் செய்துகொண்டு, பூஜ்யம் நம்பர் பிரஷில் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆமாம், இவ்வளவு காலம் எந்தச் சேற்றுக்குப் பயந்தேனோ அதே சேறுதான். தானாக வந்தால் அழுக்கு, நாமாக வைத்தால் நிழல். கன்னத்து இறகு தொண்டைமேல் விழுத்தும் நிழல் அது, ஒரு நூலிழை போதும், பறவை சட்டென்று உருண்டு நிற்கிறது.

இதற்கு அல்ட்ராமரைன்தான் சரி. பிரஷ்யன் ப்ளூ பேப்பரில் ஊறிவிடும், ஈர பிரஷால் எடுக்க வராது, ஓரத்தை மென்மையாக்க முடியாது. போதாக்குறைக்கு வெயிலில் வெளுத்து இருட்டில் திரும்ப வரும் நிறம் அது, சுவரில் மாட்டுகிற படத்துக்கு அப்படி ஒரு சுபாவம் எனக்கு வேண்டாம். ஆனால் அல்ட்ராமரைனுக்கும் ஒரு குணம் உண்டு, பேப்பரின் பள்ளங்களில் மணிமணியாகத் தங்கும். சொரசொரப்பான கோல்ட் பிரஸ் பேப்பரில் அடித்தபோது பறவைக்குச் சாக்கு போர்த்தியதுபோல இருந்தது. ஹாட் பிரஸ்ஸுக்கு மாறிய பிறகுதான் முதுகு வழவழப்பாக வந்தது.

தோள்பட்டையும் நெற்றியும் மட்டும் மற்ற நீலத்தைவிட வெளிச்சமாக இருக்கும். அதற்கு வெள்ளையைக் கலந்தால் மாவு பூசியது மாதிரி செத்துப்போகிறது. முதல் வாஷிலேயே அந்த இடங்களை மெலிதான கோபால்ட்டில் விட்டுவிட்டு சுற்றிலும் அல்ட்ராமரைனை இருட்டாக்குவதுதான் வழி. ஏன் இப்படி என்றால், இந்தப் பறவையின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிக்கிறது, அடியில் இருக்கும் கறுப்பு நிறமி மீதியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது மங்கிய கருநீலமாகத் தெரிவது, ஒரு கீற்று வெயில் பட்டதும் எரிகிறது. இந்த ஈப்பிடிப்பானுக்கு நிழல்தான் வீடு, ஆகவே பளிச்சென்று வரைந்த படங்களையெல்லாம் நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் டிக்கெல் மேல் மரியாதை கூடியது. 1811இல் கட்டாக்கில் பிறந்த ஆள், அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு 1829இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையான வங்காள நேட்டிவ் இன்ஃபன்ட்ரியில் சேர்ந்தவர். ஓவியம் அவருக்குத் தொழில் இல்லை. 1840இல் காட்மாண்டுவில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக, அதாவது அரசுப் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஸனின் மெய்க்காவல் படைக்குத் தலைவராகப் போனார். ஹாட்ஸனும் பறவைப் பித்தர், இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தமும் உண்டு, டிக்கெல்லின் சகோதரியைக் கட்டியவர் ஹாட்ஸனின் சகோதரர். ஹாட்ஸன் ராஜ்மான் சிங் போன்ற நேபாள ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். டிக்கெல் தானே பிரஷைப் பிடித்தார். பறவையைத் தனியாக வெள்ளைக் காகிதத்தில் நிறுத்தாமல் அது வாழும் இடத்தோடு போட்டார், விவரிப்பின் ஓரத்தில் காடு, ஆறு, ஊர் என்று சின்னச் சின்னக் காட்சிகளும் வரைந்தார். 1847இல் அரக்கான், பிறகு தெனாசெரிம், மௌல்மெய்ன் என்று பர்மாப் பக்கம் வேலை. மௌல்மெய்ன் மழை எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும், அந்த ஊர் ஈரத்தில் வாட்டர்கலர் எப்படிக் காய்ந்ததோ! எனக்கு ஐப்பசி மழைக்கே ஹேர் டிரையர் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஆளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட மனசு வரவில்லை. அவருடைய முதல் பெரிய பறவைப் பட்டியல் 1833இல் ஆசியக் கழக இதழில் வந்தது, இன்றைய மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் பக்கத்துப் பாராபூம், தால்பூம் காடுகளில் சேகரித்த பறவைகளைப் பற்றியது. அதே பாராபூமில் 1832-33இல்தான் கங்கா நாராயண் சிங் தலைமையில் பூமிஜ் பழங்குடி மக்கள் கிளர்ந்து எழுந்து, கம்பெனிப் படை அவர்களை அடக்கிக்கொண்டிருந்தது. கையில் துப்பாக்கியோடு அந்தப் பக்கத்துக் காடுகளில் கம்பெனிக்காரர்கள் திரிந்த காலம். பட்டியலை மட்டும் படித்தால் அங்கே குருவிகளைத் தவிர எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, 1840இல் ஹோ பழங்குடி மக்களின் மொழிக்கு இலக்கணக் குறிப்பும், அவர்களுடைய நாட்டைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையும் எழுதியவர் இதே டிக்கெல்தான். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, பேப்பர் புலம்பல். நூறு சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் என்று சொல்லி ஒரு கடையில் விற்ற கட்டு, பார்க்க அருமையாக இருந்தது. வாஷ் வைத்ததும் மை ஒற்றும் தாளாக உறிஞ்சியது, நிறம் மேலே நிற்கவே இல்லை, அங்கங்கே நட்சத்திரம் நட்சத்திரமாகப் புள்ளி. பழைய சரக்கு, ஈரக்காற்றில் கிடந்து, தண்ணீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு செத்துவிட்டது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, 'நீங்க தண்ணி ஜாஸ்தி வெச்சிருப்பீங்க சார்' என்றார். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கட்டு வாங்கும் முன் ஒரு தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் வாங்கலாம், உடனே இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கட்டு வீணாகவில்லை, பென்சில் ஸ்கெட்சுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணிக்குப் புதுச்சேரிக் கைக்காகிதமும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், சொரசொரப்பு பாறைக்கும் மரப்பட்டைக்கும் நன்றாக ஒத்துழைக்கிறது.

பிசின் கதை இன்னொன்று. கண்ணின் பளபளப்புக்கும் கறுப்பு மூக்கோரத்துக்கும் கம் அராபிக் என்ற மரப்பிசினை ஒரு பூச்சு கொடுப்பது பழைய வழக்கம், அந்தக் காலத்தில் கையால் வண்ணம் தீட்டிய படங்களில் கண் மட்டும் மினுங்குவது அதனால்தான். குட்டிக் குப்பிக்கு ஓவியக் கடையில் கேட்ட விலை அநியாயம், அதனால் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். முதலில் பாதாம் பிசினை மடித்துக் கொடுத்தார்கள், அது கரையாது, ஜெல்லி மாதிரி ஊதும், ஜிகர்தண்டாவுக்குத்தான் ஆகும். கருவேலம்பிசின் என்று அழுத்திச் சொல்லி வாங்க வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு சொட்டுத் தேன் சேர்த்தால் வெடிக்காது. பூஞ்சை பிடிக்கும் என்பதால் கொஞ்சமாகவே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், வீட்டில் ஒருமுறை அதைத் தேன் என்று நினைத்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து காட்டுச் சிற்றாந்தை. 1833 பட்டியலில் டிக்கெல் முதன்முதலாக விவரித்தது, நம்மூரிலும் பகலில் மரக்கிளையில் குந்தியிருக்கும், உடம்பு முழுக்க நெருக்கமான குறுக்குப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் எண்ணி வரைந்தால் பைத்தியம் பிடிக்கும், பிரஷைப் பிரித்துவிட்டு உலர்ந்த நிறத்தில் இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். டிக்கெல் இலைக்கதிர்க்குருவியை வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறேன், பச்சையா மஞ்சளா என்றே சொல்லமுடியாத ஒரு நிறம், அழகும் இல்லை, சவாலும் இல்லை. பெரிய ஆசை தெனாசெரிம் பழுப்பு இருவாச்சிதான், பிளைத் 1855இல் டிக்கெல் பெயரை வைத்த பறவை, முழுத்தாளில் பர்மாக் காட்டோடு போட வேண்டும். ஒரு கோபால்ட் டியூப் விலைக்கு அந்த இருவாச்சிக்கு வேண்டிய பழுப்பு மொத்தமும் வாங்கிவிடலாம் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

அவர் இந்த வேலையை முடிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு பிரான்சிலும் ஆங்கிலக் கால்வாயில் உள்ள சேனல் தீவுகளிலும் இருந்தார், 1870இல் கண் அழற்சி வந்து பார்வை போய்க்கொண்டே இருந்தது. இந்தியப் பறவைகளுக்காகத் தானே எழுதி வரைந்து வந்த தொகுதிகள் ஏழு சேர்ந்திருந்தன. அவற்றை அப்படியே லண்டன் விலங்கியல் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டு 1875இல் இங்கிலாந்தின் செல்ட்டனமில் இறந்துபோனார். அச்சில் ஒழுங்காக வந்திருந்தால் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜெர்டன் பெயருக்குப் பக்கத்தில் இவர் பெயரும் சேர்ந்து ஒலித்திருக்கும் என்பது என் கட்சி.

என் ஈப்பிடிப்பானுக்கு இன்னும் சிறகின் பெரிய இறகுகள் பாக்கி, கால்கள் பாக்கி, கீழே போட வேண்டிய சின்னக் காட்சியும் பாக்கி. கிளையின் பின்னணி பாதியில் நிற்கிறது. இலைப் பச்சைக்குப் பிரஷ்யன் ப்ளூவும் ரா சியன்னாவும் போதும், அங்கே ஊறினாலும் பரவாயில்லை. கால்தான் யோசனையாக இருக்கிறது. அருங்காட்சியகங்களில் பாடம்செய்து வைத்த பறவைத் தோல்களில் கால், அலகு, கண் நிறமெல்லாம் காய்ந்து மாறிவிடும், போட்டோக்களிலோ பாதி நேரம் கால் இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. காலும் விரலும் தெளிவாகத் தெரிகிற ஆண் பறவைப் படம் யாராவது எடுத்திருந்தால் காட்டுங்கள், நிழலில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.