தை மாதக் குறிப்புகள், வியாசர்பாடி

பிப்ரவரி 1, 2024
மகளின் முட்டி ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 2
தை வெள்ளி. பூஜைப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்து டாக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்காசியப் பெண்கள் கால்பந்து, 19 வயதுக்கு உட்பட்டோர். பூட்டானுக்கு எதிராக இந்தியா பத்து கோல். ஒவ்வொரு கோலுக்கும் போர்வைக்குள் வலது கால் உதைத்தது. இடது கால் அசையவில்லை. நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 4
வங்கதேசத்திடம் 0-1. அவள் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 5
முட்டி ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து, திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகுமாம். ஆட்டோவில் விரல் விட்டு எண்ணினேன். நவம்பர். முல்லை நகர் மைதானத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். எட்டு வயதில் அண்ணனுடைய கேன்வாஸுக்குள் துணி திணித்துக்கொண்டு அவள் ஓடிய மண். பையன்களோடு என்ன ஆட்டம் என்று அன்றைக்கு அடித்தது நான்தான். அவளுக்கு நினைவிருக்கிறதா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பிப்ரவரி 6
நேபாளத்தை 4-0. இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். காப்பீட்டு அட்டையில் அவள் பெயர் தப்பாக இருக்கிறது. நாளை மறுபடி அலைய வேண்டும்.

பிப்ரவரி 8, இரவு
தூக்கம் வரவில்லை. எட்டாவது நிமிடத்தில் சிபானி தேவி கோல் போட்டாள். கடைசிவரை நாம்தான் முன்னால். தொண்ணூறு நிமிடமும் முடிந்து, நடுவர் கூட்டித் தந்த நேரத்தில் வங்கதேசத்தின் சாகரிகா அடித்துவிட்டாள். பிறகு பெனால்டி. ஐந்து, ஆறு, ஏழு... 11-11. கோல்கீப்பர்கள் உட்பட இருபத்திரண்டு பெண்களில் ஒருத்திகூடத் தவறவிடவில்லை! மறுபடி முதலிலிருந்து உதைப்பதுதான் விதி என்கிறாள் இவள். ஆனால் காசைச் சுண்டிப் போட்டார்கள். இந்தியாவுக்கு விழுந்தது. நம் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். இவள் குதிக்கவில்லை. “இப்படி வேண்டாம்மா” என்றாள்.

வங்கதேசப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரிகள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். நம்மவர்கள் மைதானத்தை விட்டுப் போய்விட்டார்கள். நெடுநேரம் கழித்து இரு நாடும் சேர்ந்து சாம்பியன் என்று அறிவிப்பு. அது வரட்டும். அந்தக் காசைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை விடியற்காலைகள் ஓடிய கால்கள் அவை! எந்தத் தாய் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அனுப்பினாளோ. பூவா தலையா போடுவதற்கா?

பிப்ரவரி 9
தை அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தால், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். “கோல்கீப்பர் எப்படி அடித்தாள் பார்த்தாயா அம்மா?” என்று வலது காலைத் தூக்குகிறாள். மொத்தப் பாரமும் இடது காலில். கத்திவிட்டேன்.

பிப்ரவரி 12
பெயர் திருத்தியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.