டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு வீடியோவில் டாக்டர்: திரையில் தெரியாதவை

"எத்தனை யூனிட் போடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்பார். "பத்து" என்று அம்மா சொல்வார். அந்தப் பத்து உண்மையில் பத்துதானா என்பது திரையில் தெரியாது.

இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பியும் கிடைக்கிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப மாறும்: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுத்தால், கூட்டிய அளவு முழுசாக இறங்கிப் பிள்ளைக்குத் தாழ்சர்க்கரை வந்துவிடும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுப்பது இதைவிட ஆபத்து: 10 என்பது 25 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் குப்பியின் லேபிளையும் சிரிஞ்சையும் கேமரா முன் காட்டுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஊசி போடும் இடமும் அப்படித்தான். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிடும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் அழுத்தித் தடவினால் தடிப்பாகத் தட்டுப்படும். அங்கே போட்ட இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. வாரம் ஒருமுறை வயிறு, தொடை இரண்டையும் நீங்களே தடவிப் பார்த்துவிட்டு அழைப்பில் சொல்லுங்கள்.

நோட்டில் எழுதியதோடு குளுக்கோமீட்டரின் மெமரியையும் காட்டுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு சில மீட்டர்களில் கடிகாரம் தவறிவிடும்; காலை அளவு இரவு அளவாகப் பதிவாகும். டாக்டர் தவறான வேளையின் மருந்தை மாற்றிவிடுவார்.

2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி சிறுவருடன் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பாட்டி உட்கார்ந்தால் விதி நிறைவேறிவிடும். ஆனால் தினமும் ஊசி போடுபவர் அழைப்பில் இல்லாவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), உயரம், எடை மூன்றும் அங்கே சரியாகக் கிடைக்கும். பிள்ளை வளர வளர மருந்தளவும் மாறும்.

வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, அசதி என்று வந்தால் வீடியோவுக்குக் காத்திருக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரி. சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவதுதான் அந்த நேரத்தில் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.