அம்மை குத்திய சாமியார்

தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள். ஊசி போட அரை நிமிடம் போதும். அதற்கு முந்தைய பேச்சுதான் வேலை. "போன தடவை போட்டதுக்கே ராத்திரி பூரா காய்ச்சல், நீயா வந்து பார்த்தே நர்சம்மா?" என்று ஒரு பாட்டி கேட்பார். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலன்ட் போட்டால் காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் கொடுத்தால் அடங்கும் என்று பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் சொல்ல வேண்டும். பெற்றவள் சம்மதித்தாலும் பாட்டி தலையசைக்காமல் குழந்தை மடியை விட்டு இறங்காது.

இதே அவதியை எல்லைக்கு அந்தப்பக்கம் மைசூரில் இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பட்டிருக்கிறார். பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, திப்பு காலத்தில் சிதறிப்போன கத்தோலிக்கர்களை ஒன்று சேர்க்கப் புதுச்சேரி மிஷனிலிருந்து மைசூருக்குப் போனவர். எங்கள் ஓசூர்ப் பக்கம் மைசூர் கையை விட்டுப் போனதும் அந்தச் சமயத்தில்தான். தலைப்பாகை கட்டி, உள்ளூர் உடை உடுத்தி, புலால் விட்டு, ஊர் வழக்கத்துக்கு ஒத்து வாழ்ந்தார். ஹாசன் பக்கம் சத்தள்ளியில் கிறிஸ்தவர்களைக் குடியமர்த்தி விவசாயம் செய்ய வைத்தார்.

என்னை நிறுத்தி வைத்தது அவர் பெரியம்மைக்குத் தடுப்பு போட்ட கதை. இந்தியாவுக்கு அந்த மருந்து வந்ததே 1802இல்தான். எங்களுக்கு ஐஸ் பேக் வைத்த வேக்சின் கேரியர் உண்டு, சூடு பட்டால் காட்டிக்கொடுக்கும் குறி மருந்துக் குப்பியிலேயே உண்டு. அவருக்குக் குழந்தையின் கைதான் கேரியர். ஒரு குழந்தையின் கையில் கீறி அம்மைப்பாலை, அதாவது பசு அம்மைக் கொப்புளத்து நீரை, தடவுவார்கள். எட்டாம் நாள் வாக்கில் அங்கே கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் கீற வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் சங்கிலி அறுந்தது, ஊருக்கே மருந்தில்லை. அதாவது, காய்ச்சலில் சிணுங்கும் பிள்ளையைத் தாய் மறுபடி தூக்கி வரவேண்டும். அதன் புண்ணைக் கீறி யாரோ ஒருவரின் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க ஒப்ப வேண்டும். எந்தச் சாதிக் குழந்தையின் கை என்று பார்க்கிற காலம். அதோடு, அம்மை என்றாலே மாரியம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்றுதான் நம்பிக்கை. இவ்வளவையும் தாண்டி 1803-04இல் 25 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அம்மை குத்தியதாகக் கணக்கு இருக்கிறது.

அவரை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. நம் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் 2,000 வராகன் (அந்தக் காலப் பொன் நாணயம்) கொடுத்து வாங்கியது. அதில் பெரும்பகுதி அவருக்கு முந்தைய சேசுசபைப் பாதிரியார் கேர்தூவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நம்மை இளக்காரமாகப் பேசும் பக்கங்களும் அதில் ஏராளம். படிக்கும்போதே கோபம் வரும்.

1823இல் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். இத்தனை வருட உழைப்பில் தான் கிறிஸ்தவராக்கியது இருநூறு முந்நூறு பேரைத்தான், அதுவும் ஒரு உள்ளூர் குருவின் துணையோடு என்று அவரே மனம் விட்டு எழுதியிருக்கிறார். வந்த காரியம் தோற்றது என்றே நினைத்தார். அப்புறம் பாரிஸில் தன் மிஷன் சபைக்குத் தலைவராகி 1848இல் இறந்தார்.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் இதைச் சொல்வதுண்டு. மதம் மாற்ற வந்த ஆள்தானே என்று ஒருத்தி முகம் சுளித்தாள். மாறியது எத்தனை பேர், அம்மை குத்திக்கொண்டது எத்தனை பேர், நீயே ஒப்பிட்டுப் பார் என்றேன். அவள் கணக்குப் பக்கமே போகவில்லை. "சரி மேடம், எட்டாம் நாள் அந்தத் தாய்களை எப்படித் திரும்ப வர வச்சார்?" என்று கேட்டாள். ஆறாவது வாரம் ஊசி போட்டுப் போன குழந்தையை அடுத்த ஊசிக்குப் பத்தாவது வாரம் வரவழைக்க வழி தெரியாமல் அந்த மாதம் அல்லாடிக்கொண்டிருந்தவள் அவள்.