2.9 கோடி கடனுக்கு 13 கோடி காப்பீடு

2009இல் அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை சரிந்து கிடந்த நேரம். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் ஆம்ஹர்ஸ்ட் ஹோல்டிங்ஸ் என்று ஒரு சின்னத் தரகு நிறுவனம். ஜேபி மார்கன் சேஸ், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, பேங்க் ஆஃப் அமெரிக்கா என்ற மூன்று மலைகளுக்கும் எதிரில் உட்கார்ந்து, "இந்தப் பத்திரம் மூழ்காது, மூழ்கினால் நான் தருகிறேன்" என்று காப்பீடு விற்றது. பார்த்தவர்கள் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்குப் பைத்தியம் என்பது தெரியும்.

முதலில் பொருள் என்ன என்று பார்க்கலாம். 2005இல் 33.5 கோடி டாலர் அளவுக்குத் தரம் குறைந்த வீட்டுக்கடன்களைக் கட்டாகக் கட்டிப் பத்திரமாக விற்றார்கள். பெரும்பாலும் கலிஃபோர்னியா வீடுகள். சிலர் கடனை முன்கூட்டியே அடைத்தார்கள், சிலர் வீட்டையே இழந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, 2009 மார்ச்சில் மிச்சம் இருந்தது 2.9 கோடி டாலர் கடன். அதிலும் பாதிக்கு மேல் தவணை தவறியவை.

இந்த மிச்சத்தின் மேல்தான் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப், சுருக்கமாக சிடிஎஸ், வாங்கப்பட்டது. காப்பீடு என்றேனே, ஒரு வித்தியாசம் உண்டு. சொந்த வீட்டுக்குத்தான் தீ காப்பீடு எடுக்க முடியும். சிடிஎஸ்ஸில் பக்கத்து வீட்டுக்கும் எடுக்கலாம், பத்துப் பேர் ஒரே வீட்டுக்கும் எடுக்கலாம். பத்திரம் கையில் இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையில் தனியாகப் போடப்படுவதால், அடுத்தவன் எவ்வளவு வாங்கினான் என்பதும் தெரியாது. அப்படி அறியாமலே சேர்ந்த மொத்தப் பந்தயம் குறைந்தது 13 கோடி டாலர். இருக்கும் கடனைப்போல நாலரை மடங்கு.

விலையோ, டாலருக்கு 80 முதல் 90 சென்ட் வரை. வங்கியின் பக்கம் நின்று பாருங்கள்: 1 கோடி டாலர் பாதுகாப்புக்கு 80 லட்சம் கையோடு கொடுக்கிறது. பத்திரம் முழுசாக மூழ்கினால் 1 கோடி வரும், லாபம் 20 லட்சம். மூழ்குவது உறுதி என்ற நம்பிக்கையில்தான் அந்த விலை. பத்திரம் முழுசாக அடைபட்டுவிட்டாலோ ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது, 80 லட்சமும் போனது. 20ஐப் பிடிக்க 80ஐப் பணயம் வைக்கிற இந்தப் பந்தயத்தில், "யாராவது அடைத்துவிட்டால்?" என்ற கேள்வியை வங்கிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடைக்க வழி பத்திர ஒப்பந்தத்திலேயே இருந்தது. பெயர் கிளீன்-அப் கால். மிச்சக் கடன் ஆரம்பத் தொகையில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், தவணை வசூலிக்கும் சர்வீஸர் நிறுவனம் மொத்தக் கடனையும் முகமதிப்புக்கு வாங்கி, பத்திரக்காரர்களுக்குப் பணம் கொடுத்துக் கணக்கை மூடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாதே என்பதற்காக வைக்கப்பட்ட சாதாரண ஷரத்து. 2.9ஐ 33.5ஆல் வகுத்தால் 8.7 சதவீதம். கதவு திறந்தாகிவிட்டது.

ஆனால் பாதிக்கு மேல் தவணை தவறிய கடனை முழு விலை கொடுத்து எந்த சர்வீஸர் வாங்குவான்? தன் காசென்றால் வாங்க மாட்டான். வங்கிகள் நம்பியது அதைத்தான். ஏப்ரலில் ஆம்ஹர்ஸ்ட் கேட்டுக்கொண்டபடி, லேமன் பிரதர்ஸ் குடும்பத்து நிறுவனமான அரோரா லோன் சர்வீசஸ் கடன்களை வாங்கிப் பத்திரத்தை அடைத்தது.

13 கோடி முழுவதையும் ஒருவரே 80 சென்ட்டுக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வரவு 10.4 கோடி. அடைக்கும் செலவு 2.9 கோடி, அதையும் விற்றவரே ஏற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய கடன்களில் ஒரு சென்ட்கூட வசூலாகாவிட்டாலும் 7.5 கோடி மிச்சம். ஆம்ஹர்ஸ்டின் லாபம் சுமார் 7 கோடி டாலர் என்று அந்த ஜூனில் பத்திரிகைகள் எழுதின.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வங்கிகள் மொத்தம் 2 கோடிக்கு மட்டும் காப்பீடு வாங்கியிருந்தால் விற்றவனின் வரவு 1.6 கோடிதான். வாங்கிய கடனில் 30 சதவீதம் தேறினாலும் அடைப்பதில் நஷ்டம் 2.03 கோடி. திட்டம் படுத்துவிடும். அதாவது இதற்கு எரிபொருள் ஊற்றியது வங்கிகளின் பேராசைதான், ஆம்ஹர்ஸ்ட் தீக்குச்சி மட்டும் கிழித்தது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, செய்வதில் சறுக்கும் இடங்கள் நிறைய. மூடும் உரிமை எல்லாப் பத்திரத்திலும் சர்வீஸரிடம் இருக்காது. சிலவற்றில் கடைசி லாபம் போய்ச் சேருகிற முதலீட்டாளரிடம் இருக்கும். ஒரே கடன் கட்டிலிருந்து பிரித்து விற்ற எல்லாப் பத்திரப் பிரிவுகளையும் சேர்த்துத்தான் அடைக்க வேண்டும், பந்தயம் கட்டிய ஒன்றை மட்டும் தனியாக அடைக்க முடியாது. ஏற்கனவே நஷ்டம் எழுதப்பட்ட தொகைக்குக் காப்பீடு விற்றவர் அதற்கு முன்பே பணம் கொடுத்திருப்பார், அது திரும்பி வராது. எல்லாவற்றையும்விட மோசமானது பிணைப்பணம்: பத்திரத்தின் விலை விழ விழ, விற்றவர் கூடுதல் பிணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடைக்கும் நாளுக்கு முன் கையிருப்பு தீர்ந்தால், கணக்கு சரியாக இருந்தும் ஆட்டம் முடிந்தது.

2013இல் ஸ்பெயினின் கோடேரே என்ற சூதாட்ட நிறுவனத்தில் இதன் தலைகீழ் வடிவம் நடந்தது. பிளாக்ஸ்டோனின் கடன் பிரிவு கொடுத்த கடனோடு சேர்ந்த ஏற்பாட்டின்படி, அந்த நிறுவனம் வட்டியை வேண்டுமென்றே தாமதித்தது. அது தவணை தவறியதாகக் கணக்கானதால், காப்பீடு வாங்கியிருந்த பிளாக்ஸ்டோனுக்குப் பணம் கிடைத்தது. 2019இல் ஸ்வாப் சந்தையின் சங்கமான இஸ்டா, நிறுவனக் கடன்களுக்கான விதிகளைத் திருத்தி, நிதிநிலை கெடாமல் வெறுமனே வட்டி தவறினால் அது காப்பீட்டுப் பணம் தர வேண்டிய தவறாகாது என்று எழுதியது. முன்கூட்டியே அடைப்பதைப் பற்றி அந்தத் திருத்தத்தில் பேச்சே இல்லை.